24 அங்குலப் படுக்கை

என் சித்தப்பா பலகை ஏற்றும் லோரி ஓட்டியவர். அவர் பக்கத்து இருக்கையில் எப்போதும் ஒரு கெலிண்டான் இருப்பான். கயிறு கட்டுவது, தார்ப்பாய் இழுப்பது, லோரி பின்வாங்கும்போது இறங்கி நின்று கை காட்டுவது எல்லாம் அவன் வேலை. ஆனால் அவனைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முக்கியக் காரணம் வேறு என்பார் சித்தப்பா. "ராத்திரி ரெண்டு மணிக்கு மேல பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் வேணும்டா. ஆனா என்னா, எனக்கு முன்னாடி அவன் தூங்கிருவான்."

சித்தி அந்த லோரியில் ஒருநாளும் ஏறியதில்லை. லோரிக்காரன் மனைவி என்றால் வீட்டில் காத்திருப்பவள். நமக்குத் தெரிந்த கதை அதுதான்.

அதனால்தான் அமெரிக்கச் சாலைப் போக்குவரத்தின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கியபோது ஒரு விஷயம் என்னை நிறுத்திவைத்தது. அங்கே நெடுந்தூரம் போகும் பல லோரிகளை ஒரு கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டுகிறார்கள். இருவருக்கும் உரிமம் உண்டு. ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இருக்கைக்குப் பின்னால் உள்ள படுக்கையில் தூங்குகிறார். வாரக்கணக்கில், சில தம்பதிகள் வருடக்கணக்கில், அந்த வண்டியே வீடு. பனிக்காலத்திலும் அப்படித்தான்.

கேட்பதற்குக் காதல் கதைபோல இருக்கிறது. ஆனால் இந்த வாழ்க்கை முறையை உருவாக்கியதில் காதலுக்கு இருந்த பங்கைவிடக் கடிகாரத்துக்கு இருந்த பங்கு பெரிது.

தூக்கத்தை எண்ணத் தொடங்கிய அரசு

1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்ற பலர் எப்படியோ ஒரு லோரியைக் கடனுக்கு வாங்கி, கிடைத்த வாடகைக்குச் சரக்கு ஏற்றினார்கள். ஒருவர் கூலியைக் குறைத்தால் அடுத்தவர் அதற்கும் குறைத்தார். குறைந்த கூலியை ஈடுகட்ட ஒரே வழி, தூங்காமல் ஓட்டுவது. 1940இல் வெளிவந்த 'தே டிரைவ் பை நைட்' என்ற ஹாலிவுட் படம் இந்தக் காலத்தைத்தான் காட்டுகிறது. ஒரே லோரியை ஓட்டும் இரண்டு சகோதரர்கள். ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த தம்பி, தூக்கக் கலக்கத்தில் விபத்துக்குள்ளாகி ஒரு கையை இழக்கிறார். அந்தப் படத்திலும் மனைவி வீட்டில்தான் காத்திருக்கிறாள்.

1935இல் அமெரிக்க நாடாளுமன்றம் லோரிகளையும் பேருந்துகளையும் மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஓட்டும் நேரத்துக்கு வரம்பு வந்தது. பத்து மணி நேரம் ஓட்டினால் எட்டு மணி நேரம் ஓய்வு என்ற கணக்கு, சிறு மாற்றங்களோடு 2003 வரை நீடித்தது. இப்போது பதினொரு மணி நேரம் ஓட்டலாம். பிறகு பத்து மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும்.

இந்த விதி மனித உடலைக் காப்பாற்ற வந்தது. ஆனால் விதி ஓட்டுநரைத்தான் நிறுத்தச் சொன்னது, வண்டியை அல்ல. ஓடும் வண்டியின் படுக்கையில் தூங்குவதும் ஓய்வாகவே கணக்கிடப்பட்டது. ஆக, ஒரு வண்டியில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தால் அது நிற்கவே வேண்டாம்.

நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் சுமார் 2,800 மைல், அதாவது 4,500 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வரை போவதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். தனி ஆள் சட்டப்படி ஓட்டினால் ஐந்து நாள் ஆகும். இரண்டு பேர் என்றால் மூன்று நாளுக்குள் முடிந்துவிடும்.

சரி, அந்த இரண்டாவது ஆள் யார்? முன்பின் தெரியாத ஒருவர் ஓட்ட, அவர் பின்னால் படுத்துத் தூங்க எத்தனை பேருக்கு மனம் வரும்? ஒரு ஆள் அகலப் படுக்கையை, ஒரே விரிப்பை, யாரோடு பகிர்ந்துகொள்ள முடியும்? விடை வீட்டிலேயே இருந்தது.

அங்குலக் கணக்கு

பெண்கள் லோரி ஓட்டுவது இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. டெக்சாஸ் மாநிலத்தின் ஹெம்ப்ஸ்டெட் ஊரைச் சேர்ந்த லில்லி டிரென்னன் 1928இல் கணவரோடு சேர்ந்து லோரித் தொழிலில் இறங்கினார். அடுத்த ஆண்டே மணமுறிவு. தொழில் லில்லியிடம் தங்கியது. ஆனால் வணிக வாகனம் ஓட்டும் உரிமம் தர அதிகாரிகள் தயங்கினார்கள். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். லில்லி விடவில்லை, ஆண் ஓட்டுநர்களின் விபத்துக் கணக்கோடு தன் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். 1929இல் உரிமம் கிடைத்தது. அமெரிக்காவில் அப்படி உரிமம் பெற்ற முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

ஆனால் லில்லியைப்போல எல்லாரும் சண்டை போட்டு ஓட்டுநர் இருக்கைக்கு வரவில்லை. கணவனோடு பயணம் போன பல பெண்களுக்கு நிறுவனத்தின் கண்ணில் இருந்த பெயர் 'பயணி'. எழுத்துமூல அனுமதி இல்லாமல் லோரியில் வெளியாரை ஏற்றக்கூடாது என்பது விதி. அனுமதித் தாளில் மனைவியின் பெயர் ஏறியது. அவள் வரைபடம் பார்த்து வழி சொன்னாள், எண்ணெய்ச் செலவைக் கணக்கெழுதினாள், சமைத்தாள், விடியற்காலையில் அவன் கண் சொக்கும்போது பேச்சுக் கொடுத்தாள். நம் கெலிண்டான் செய்யும் வேலைதான். கெலிண்டானுக்குச் சம்பளம் உண்டு, அவளுக்கு இல்லை.

அவள் ஓட்டுநராக மாற, வண்டியும் மாற வேண்டியிருந்தது. அமெரிக்க விதிப் புத்தகத்தில் லோரிப் படுக்கைக்கான அளவுகள் இன்னும் இருக்கின்றன. 1953க்கு முன் பொருத்தப்பட்ட படுக்கைக்குக் குறைந்தபட்ச அகலம் 18 அங்குலம். உயரமும் 18 அங்குலம். புரண்டு படுத்தால் தோள் கூரையில் இடிக்கும். பிறகு 21 அங்குலம். 1975 செப்டம்பருக்குப் பிறகு 24 அங்குலம். இரண்டு அடி! ஒருவர் படுக்கலாம். அதுவும் மற்றவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது.

படுக்கை ஏன் இவ்வளவு சிறியதாக இருந்தது? பல மாநிலங்கள் லோரியின் மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. ஓட்டுநர் அறை ஓர் அடி நீண்டால் சரக்குக்கு ஓர் அடி குறையும். முதலாளி எதைக் குறைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. இருக்கைக்கு அடியிலேயே எஞ்சினை வைத்து, முகம் தட்டையான வண்டிகளைச் செய்தார்கள். 1982இல் வந்த சட்டம் இதை மாற்றியது. முக்கிய நெடுஞ்சாலைகளில் இனி மாநிலங்கள் மொத்த நீளத்தைக் கட்டுப்படுத்த முடியாது. சரக்குப் பெட்டியின் நீளம் மட்டுமே கணக்கு. ஓட்டுநர் அறை பின்னோக்கி வளர்ந்தது. நிமிர்ந்து நிற்க இடம், இரட்டைப் படுக்கை, சிறிய குளிர்பெட்டி, துணி மாட்ட ஒரு மூலை. சட்டத்தின் ஒரு வரியால் கிடைத்த வீடு அது.

வீடு கிடைத்த அதே காலத்தில் கூலி சரிந்தது. ஜிம்மி கார்ட்டர் 1980இல் கையெழுத்திட்ட சட்டம் லோரித் தொழிலை எல்லாருக்கும் திறந்துவிட்டது. புதிய நிறுவனங்கள் புகுந்தன, வாடகை குறைந்தது, தொழிற்சங்கம் பலவீனமானது. மைக்கேல் பெல்சர் என்ற ஆய்வாளர் 2000இல் இதைப் பற்றி எழுதிய நூலுக்கு 'ஸ்வெட்‌ஷாப்ஸ் ஆன் வீல்ஸ்' என்றே தலைப்பு வைத்தார். சக்கரத்தின் மேல் ஓடும் உழைப்புச் சுரண்டல் கூடங்கள் என்று பொருள். பெரும்பாலான நெடுந்தூர ஓட்டுநர்களுக்கு மைல் கணக்கில்தான் சம்பளம். சக்கரம் சுற்றினால் காசு. 1938இல் வந்த தொழிலாளர் சட்டம் மற்ற தொழிலாளிகளுக்கு மிகைநேர ஊதியம் கொடுத்தபோது, மாநிலம் விட்டு மாநிலம் போகும் லோரி ஓட்டுநர்களை அதிலிருந்து விலக்கி வைத்தது. அந்த விலக்கு இன்றும் இருக்கிறது.

ஒருவர் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்ட முடியாதபோது இருவரும் வண்டியில் ஏறுவது ஒரு கணக்கு. சிலர் வீட்டையே விட்டுவிட்டார்கள்.

பனி

மைல் கணக்கில் வாழ்பவர்களுக்குப் பனிக்காலம் என்ன செய்யும் என்று பார்க்க வயோமிங் மாநிலத்துக்குப் போக வேண்டும். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் 80ஆம் எண் நெடுஞ்சாலை அங்கே 8,640 அடி உயரம் வரை ஏறுகிறது. லாரமி ஊருக்கு மேற்கே பழைய சாலை வடக்காகச் சுற்றிப் போகும். புதிய சாலையைப் பொறியாளர்கள் எல்க் மலையின் அடிவாரத்தை ஒட்டிக் குறுக்கே போட்டார்கள். அங்கே மாடு மேய்ப்பவர்கள் முன்பே எச்சரித்தார்கள்: பழைய சாலை சுற்றிப் போவதற்குக் காரணம் இருக்கிறது, அங்கே வீசும் காற்று உங்களுக்குத் தெரியாது என்று. யாரும் கேட்கவில்லை. 1970 அக்டோபரில் 77 மைல் நீளச் சாலை திறக்கப்பட்டது. சில நாள்களிலேயே முதல் பனிப்புயல் அதை மூடியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஹோ சி மின் பாதையை நினைத்து ஓட்டுநர்கள் அதற்கு 'ஸ்னோ சி மின் டிரெயில்' என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே வானத்திலிருந்து விழும் பனியைவிடத் தரையில் ஓடும் பனி ஆபத்தானது. தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும், சாலை தெரியாது. ரொனால்ட் டாப்லர் என்ற வனத்துறை ஆய்வாளர் காற்று பனியை எப்படிச் சுமந்து போகிறது என்று கணக்கிட்டு, சாலையிலிருந்து தள்ளி உயரமான மரவேலிகளை நிறுத்த வழி சொன்னார். 1971 முதல் வேலிகள் எழுந்தன. விபத்துகள் குறைந்தன. ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலமும் அந்தச் சாலை பல முறை மூடப்படுகிறது.

மூடினால் என்ன ஆகும்? எரிபொருள் நிலையத்தின் வாகன நிறுத்துமிடத்தில் நூற்றுக்கணக்கான லோரிகள் நிற்கும். எஞ்சினை நிறுத்தினால் உள்ளே இருப்பவர்கள் விறைத்துப்போவார்கள். டீசலும் மக்கர் செய்யும். கேமரன் மலையில் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டீசலிலும் ஒரு மெழுகு இருக்கிறது. கடுங்குளிரில் அது திரண்டு வடிகட்டியை அடைக்கும். எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிடும். அதனால் குளிர்காலத்துக்கென்று தனிக் கலவை, மருந்து, இரவு முழுக்க எஞ்சின் உறுமல்.

ஓடும்போது வேறு பயம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி தார்ச்சாலையில் படிந்திருக்கும். அதன்மேல் பிரேக் மிதித்தால் பின்னால் வரும் பெட்டி முன்னால் உள்ள வண்டியை மடக்குக் கத்திபோல மடித்துவிடலாம். கலிபோர்னியாவின் டோனர் கணவாயில் பனி கொட்டும்போது சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டாமல் விடமாட்டார்கள். கையுறை நனைந்து விரல் மரத்துப்போக, சாலையோரம் மண்டியிட்டு ஒருவர் சங்கிலியை இழுக்க, மற்றவர் வண்டியை ஓரடி நகர்த்துவார்.

இதையெல்லாம்விட என் மனத்தில் தங்கியது, படுக்கையில் இருப்பவரின் நிலை. படுத்திருப்பவர் திடீர் பிரேக்கில் தூக்கி எறியப்படாமல் தடுக்க ஒரு வலை அல்லது பட்டை இருக்க வேண்டும் என்று 1971 முதல் விதி உண்டு. மலைச் சரிவில், பனியில், அந்த வலைக்குள் கண்ணை மூடுவது என்றால் சும்மாவா? கல்யாணத்தில் 'உன்னை நம்புகிறேன்' என்று சொல்வது சுலபம். வேகம் குறைவதை முதுகால் உணர்ந்து, அவன், அல்லது அவள், பார்த்துக்கொள்வாள் என்று திரும்பப் படுத்துத் தூங்குவது வேறு.

இரண்டு தாள்கள்

ஓட்டுநர்கள் நாளேடு எழுத வேண்டும். ஒரு நாளின் 24 மணி நேரத்தை நான்கு வரிசையாகப் பிரித்த கட்டம் அது: ஓய்வு, படுக்கை, ஓட்டுதல், ஓட்டாத வேலை. பென்சில் கோடு வரிசை மாறி மாறி ஏறி இறங்கும். 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் மின்னணுக் கருவி இதைத் தானே பதிவு செய்கிறது.

ஒரு தம்பதியின் இரண்டு தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அவன் கோடு 'ஓட்டுதல்' வரிசையில் இருக்கும்போது அவள் கோடு 'படுக்கை'யில். அவள் ஏறும்போது அவன் இறங்குவான். நாள் முழுக்க எட்டடி தூரத்துக்குள் இருக்கிறார்கள். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வரிசையில் இருப்பது, எண்ணெய் நிரப்பும் நேரம், சாப்பிடும் நேரம் என்று கொஞ்சம்தான். சாலை மூடப்படும் நாளில் மட்டும் இரண்டு கோடுகளும் சேர்ந்து 'படுக்கை'யில் கிடக்கும். அன்று வெளியே காற்று வண்டியை உலுக்கும். சம்பளம் இல்லை. ஆனால் இருவரும் ஒன்றாகத் தூங்கலாம்.

அந்தத் தாள்களைத் தேடிப் போனால் கிடைக்காது. நிறுவனங்கள் அவற்றை ஆறு மாதம் வைத்திருந்தால் போதும் என்பது விதி. அதற்குப் பிறகு குப்பைதான். உரிமம் வாங்கி ஓட்டிய பெண்ணின் கோடு ஆறு மாதம் இருந்தது. 'பயணி'யாகப் போய் விடியவிடியக் கண்விழித்தவளுக்கு அந்தக் கோடும் கிடையாது. லோரிகளின் வரலாற்றை எஞ்சின் படத்தையும் சாலை வரைபடத்தையும் வைத்து எழுதிவிடலாம். இந்த வீட்டின் வரலாற்றை எதை வைத்து எழுதுவது?

இந்தக் கட்டுரைக்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாளில் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். லோரியை விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. அமெரிக்காவில் புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்தே லோரி ஓட்டுகிறார்கள் என்று சொன்னேன். சித்தப்பா சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை, பனியில் எப்படித் தூங்குவார்கள், எங்கே குளிப்பார்கள் என்று விவரமாகக் கேட்டாள்.

"நீங்க ஏன் சித்தி ஒரு தடவகூட லோரியில ஏறல?" என்றேன்.

கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "யாரு கூப்பிட்டா?"