ஆய்கூடத்துக்கு அடங்காத தொலமைற்று

ஒரு கனியத்தின் கூறுகளை அறிந்தோர் அதனை ஆக்கவும் வல்லர் என எண்ணுதல் இயல்பு. காபனேற்றுக் கனியங்களுள் ஒன்றாகிய தொலமைற்று அவ்வெண்ணத்தை நெடுங்காலம் பொய்ப்பித்து வந்தது.

பிரெஞ்சு அறிஞர் தொலொமியே, தைரோல் மலைப்பகுதியில் தாம் கண்ட கல்லொன்று சுண்ணக்கல்லை ஒத்திருந்தும் அமிலத்தில் மெல்லவே நுரைப்பதை 1791இல் எழுதி வெளியிட்டார். மறுவருடம் இளைய சொசூர் அதற்கு அவர் பெயரையே இட்டார். மலைத்தொடரும் பின்னர் அப்பெயர் பெற்றது. நம் நாட்டிற் கண்டிப் பகுதியில் அகழ்ந்து தேயிலை நிலங்களுக்கு இடப்படுவதும் இக்கனியமே.

லோரன்ஸ் பிராக் 1914இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கல்சைற்றுப் பளிங்கின் அமைப்பை வெளிப்படுத்தினார். பத்தாண்டு கழித்து, 1924இல், விக்கோவ், மேர்வின் என்போர் தொலமைற்றை ஆராய்ந்தனர். கல்சைற்றிற் கல்சியமே இருக்கும் படைகளில், இங்கே கல்சியமும் மகனீசியமும் மாறி மாறி அமர்ந்துள்ளன. இடையிடையே காபனேற்றுப் படைகள். இந்த ஒழுங்கே இடர்ப்பாட்டின் வேர்.

உயர் வெப்பநிலையில் ஆக்கம் கைகூடிற்று. 1956இல் கிராஃபும் கோல்ட்ஸ்மித்தும் வெளியிட்ட ஆய்வில், வெப்பம் குறைந்தவிடத்து ஒழுங்கு குன்றிய போலிப்பளிங்கே தோன்றியது. ஆனால் மலைமலையாகக் கிடக்கும் தொலமைற்றில் ஒரு பகுதியேனும் கடலோரத்துச் சாதாரண வெப்பத்தில் உருவானதன்றோ! லாண்ட் என்னும் அமெரிக்க அறிஞர், சதம அளவையில் 25 பாகையில், ஆயிரமடங்கு மிகைநிரம்பிய கரைசலை 32 ஆண்டுகள் வைத்துப் பார்த்தார். தொலமைற்று வீழ்படியவில்லை. தோல்வியை மறையாது 1998இல் அவர் வெளியிட்டமை போற்றற்குரியது.

விடை 2023இல் மிச்சிகன், ஒக்கைடோப் பல்கலைக்கழகத்தாரிடமிருந்து வந்தது. வளரும் பளிங்கின் முகத்திற் கல்சிய அயனும் மகனீசிய அயனும் இடமறியாது வந்தமர்கின்றன; தவறியமர்ந்தவை மேற்படை எழுவதைத் தடுக்கின்றன. இடையறாத மிகைநிரம்பல் இத்தவற்றைப் பெருக்குமேயன்றித் திருத்தாது. கரைசல் சிறிது ஐதாகும்போது, உறுதி குன்றிய அப்பகுதிகளே முதலிற் கரைந்து போகும். அடுத்த முறை சரியானவை அமரும். மழையும் கடற்பெருக்கும் இயற்கையில் இதனைச் செய்தன எனலாம். லாண்டின் அரிய பொறுமைக்குக் குறையாயிருந்தது அதன் இடையறாமையே!

கிம், சன் முதலியோர் கணிப்பினாற் கண்ட இதனை ஒக்கைடோவிற் பரிசோதித்தனர். இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கற்றை நீரைப் பிளந்து அமிலமாக்கும். அவ்வமிலம் பளிங்கைக் கரைக்கும். 80 பாகையில், இரண்டு மணி நேரத்தில் 4000 முறை கற்றையை விட்டுவிட்டுச் செலுத்தினர். முன்னர் ஐந்து படைக்கு மேல் வளராத பளிங்கு, ஏறத்தாழ 300 படை வளர்ந்தது. அதன் தடிப்பு 100 நனோமீற்றர். கடற்கரையின் வெப்பமோ 80 பாகையன்று.