டீக்கின் அழைத்த கப்பல்கள்

இச்சஞ்சிகையின் பக்கங்களில் சில இதழ்களாக ஒரு விவாதம் நடந்து வருகின்றது. அமெரிக்கா மனம் வைத்தாலன்றி எமது மக்களுக்கு விடிவில்லை என்பது ஒரு தரப்பு. அமெரிக்கா ஏகாதிபத்தியம், அதன் கையிலிருந்து வருவது எதுவும் நஞ்சே என்பது மறுதரப்பு. இரு தரப்பிலும் எழுதுபவர்கள் நான் மதிப்பவர்கள். ஆயினும் இரு தரப்பாருக்கும் பொதுவான ஒரு பழக்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு வல்லரசை அவர்கள் ஒரு தனிமனிதரைப் போலக் கருதுகிறார்கள். ஒருவருக்கு அம்மனிதர் நல்லவர். ஆகவே கூப்பிட்டால் வருவார். மற்றவருக்கு அவர் கெட்டவர். ஆகவே அவருடைய பெயரையே எடுக்கக் கூடாது.

நான் இலங்கையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினொரு வருடங்கள் வரலாறு படிப்பித்தவன். பதினெட்டு வருடங்களாக மெல்பேர்ணின் தென்கிழக்குப் புறநகரொன்றில், ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவன். நூலகத்தில் நாட்கணக்கில் இருக்கும் வசதி இப்போது இல்லை. ஆனால் நாம் வாழும் இந்த நகரத்தின் வரலாற்றிலேயே இவ்விவாதத்துக்குப் பயன்படக்கூடிய ஒரு நிகழ்ச்சி இருக்கின்றது. அதை வாசகர் முன் வைக்க விரும்புகிறேன்.

1908 ஆகஸ்ட் 20ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் 16 போர்க்கப்பல்கள் சிட்னித் துறைமுகத்தினுள் நுழைந்தன. அத்தனையும் வெள்ளை நிறம் பூசப்பட்டவை. கரையிலும் குன்றுகளிலும் நின்று பார்த்தவர்கள் சுமார் 5 இலட்சம் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. அன்றைய சிட்னியின் சனத்தொகையே ஏறக்குறைய 6 இலட்சந்தான். அங்கிருந்து புறப்பட்ட கப்பல்கள் ஆகஸ்ட் 29இல் மெல்பேர்ணின் போர்ட் பிலிப் குடாவில் நங்கூரமிட்டன. கன்பரா அப்போது இல்லை. மெல்பேர்ணே சமஷ்டி அரசின் இருப்பிடம். ஒரு வாரம் விருந்துகளும் ஊர்வலங்களுமாகக் கழிந்தது. சுமார் 14,000 கடற்படையினரில் இருநூறுக்கு மேற்பட்டோருக்கு இந்த ஊர் எவ்வளவு பிடித்துப்போயிற்று என்றால், அவர்கள் கப்பலுக்குத் திரும்பவேயில்லை.

இக்கப்பல்கள் ஏன் வந்தன? அதற்குப் பத்து வருடங்கள் பின்னே செல்ல வேண்டும்.

கடலை ஆள்பவனே வணிகத்தை ஆள்வான், அதற்குப் போர்க்கப்பலும் நிலக்கரி நிரப்பும் தளங்களும் வேண்டும் என்று மகான் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி 1890இல் ஒரு நூலில் வாதிட்டார். தியடோர் றூஸ்வெல்ற் அந்த வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டவர். 1898இல் ஸ்பெயினுடன் மூண்ட போரில் அமெரிக்கா புவேர்ட்டோ றிக்கோவையும் குவாமையும் பெற்றது. பிலிப்பைன்சுக்கு 2 கோடி டொலர் கொடுத்து எழுதி வாங்கியது. அதே வருடம் ஹவாயைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. கியூபா சுதந்திர நாடென்று சொல்லப்பட்டது. ஆனால் அமெரிக்கா விரும்பியபோது தலையிடலாம் என்ற நிபந்தனை 1901இல் அந்நாட்டின் அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. 1903இல் பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்தபோது அமெரிக்கப் போர்க்கப்பல் அருகிலேயே நின்றது. கால்வாய் வெட்டும் உரிமை சில நாட்களில் கைக்கு வந்தது.

1905இல் யப்பான் ருஷ்யக் கடற்படையைச் சுஷிமாவில் தோற்கடித்தது. அடுத்த வருடம் சான் பிரான்சிஸ்கோவில் யப்பானியப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப எடுத்த முடிவு இரு நாடுகளுக்குமிடையே பெரும் கசப்பை உண்டாக்கியது. றூஸ்வெல்ற் தம் கப்பல்களை உலகைச் சுற்றிவர அனுப்பியது இந்தச் சூழலிலேயே. யப்பானுக்குப் பலத்தைக் காட்டுவது, அத்திலாந்திக்கிலிருந்து பசிபிக்குக்குப் படையைக் கொண்டுவர முடியுமா என்று பரீட்சித்துப் பார்ப்பது, மேலும் கப்பல் கட்டக் காங்கிரசிடம் பணம் பெறுவது ஆகியன அவருடைய நோக்கங்கள். முதலில் போட்ட பயணத் திட்டத்தில் அவுஸ்திரேலியா இருக்கவில்லை.

அதைச் சேர்ப்பித்தவர் பிரதமர் அல்பிரட் டீக்கின். 1907 டிசெம்பரில் அவர் லண்டனிலுள்ள குடியேற்ற நாட்டு அமைச்சைக் கேட்காமலே அமெரிக்கத் தூதரகப் பிரதிநிதிக்கு நேரே எழுதினார். ஒரு பிரித்தானியக் குடியேற்ற நாட்டின் பிரதமர் அந்நியக் கடற்படையைத் தாமே விருந்துக்கு அழைப்பது அன்று வழக்கமில்லாத காரியம். லண்டன் எரிச்சலடைந்தது. ஆனால் விடயம் முற்றியபின் மறுப்பது அவமானம் என்பதால் அழைப்பை முறைப்படி அனுப்பிவைத்தது.

டீக்கினுக்கு இருந்த அச்சம் என்ன? 1902இல் பிரித்தானியா யப்பானுடன் நட்புடன்படிக்கை செய்திருந்தது. 1905இல் தன் பெரும் போர்க்கப்பல்களைப் பசிபிக்கிலிருந்து ஐரோப்பாவை நோக்கித் திருப்பி எடுத்தது. அவுஸ்திரேலியா வருடந்தோறும் 2 இலட்சம் பவுண் பிரித்தானியக் கடற்படைக்குக் கொடுத்தும், அக்கப்பல்கள் எங்கே நிற்கும் என்று சொல்லும் அதிகாரம் அதற்கில்லை. ஆசியாவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தேசம் தனித்து நிற்கிறது என்பதே அவர்களது கலக்கம்.

இந்த டீக்கின் எமக்கு முற்றிலும் அந்நியரல்லர். இந்தியாவினதும் இலங்கையினதும் நீர்ப்பாசனம் பற்றி 1893இல் ஒரு நூல் வெளியிட்டவர். எம்மவர் பிள்ளைகள் பலர் படிக்கும் பல்கலைக்கழகமொன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே டீக்கின்தான் 1901இல் சட்டமா அதிபராக இருந்து குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்காக வாதாடியவர். யப்பானியரின் தீய குணங்களல்ல, அவர்களது உழைப்பும் சகிப்புத்தன்மையுமே எமக்கு ஆபத்து என்ற கருத்தை அவர் பாராளுமன்றத்தில் மறைக்காமல் சொன்னார். ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொற்களைச் சொல்வதெழுதும் பரீட்சை அச்சட்டத்தின் கருவி. அது 1958வரை இருந்தது. இதன் முன்மாதிரி நேற்றாலில் 1897இல் இயற்றப்பட்ட சட்டம். 1860 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழியே வந்த இந்தியரையும், அவர்களைத் தொடர்ந்து வந்த வியாபாரிகளையும் தடுப்பதற்கென எழுந்தது அது. தமிழரையும் உள்ளடக்கிய ஒரு சனத்தைத் தடுக்கச் செய்த பூட்டு, கடல் கடந்து இந்தக் கதவில் மாட்டப்பட்டது. 1908இல் கரையில் நின்று கையசைத்தவர்கள் அந்தப் பூட்டுக்கு ஒரு காவலாளி கிடைத்துவிட்டான் என்றே மகிழ்ந்தார்கள்.

தொழிற்சாலையில் என்னுடன் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் நண்பரொருவர் இருக்கிறார். பத்தங்காஸ் மாகாணத்தவர். ஒருநாள் தேநீர் இடைவேளையில், அமெரிக்கர் என்றால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்தான் நினைவுக்கு வரும் என்று அவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, எங்கள் ஊரிலும் பள்ளிக்கூடம் கட்டினார்கள், அதற்கு முன்னர் ஊரை எரித்தார்கள் என்றார்.

அவர் சொன்னது மெய். 1899இல் தொடங்கிய பிலிப்பைன்ஸ் போரில் பசியாலும் நோயாலும் மாண்ட பொதுமக்கள் 2 இலட்சத்துக்குக் குறையார் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணிப்பு. பத்தங்காசில் 1901 முடிவில் கிராமத்தவர்களைக் காவல் வலயங்களுக்குள் அடைத்து, வெளியே இருந்த பயிரையும் வீட்டையும் அழித்தார்கள். அதே 1901 ஆகஸ்டில்தான் தோமஸ் என்ற கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்திறங்கினார்கள்.

எங்கள் ஊரிலோ ஆசிரியர் மட்டுமே வந்தார். என் அப்பப்பா அமெரிக்கன் மிசன் பள்ளிக்கூடமொன்றில் வாத்தியாராக இருந்தவர். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அந்த மிசன் 1823இல் வட்டுக்கோட்டை செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியையும் நிறுவியது. 1841இல் உதயதாரகை வெளிவந்தது. 1847இல் வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயிலிருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்களே. இந்தக் கடனை நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் ஆசிரியராக இருந்த காலத்தில் நான் கேட்கத் தவறிய கேள்வியொன்றை அந்த நண்பர் எனக்குள் எழுப்பினார். ஒரே நாட்டவர் ஏன் ஓரிடத்தில் அச்சகத்தோடும் மற்றோரிடத்தில் துப்பாக்கியோடும் வந்தார்கள்? மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்ததே வேறிடம் கிடைக்காமல்தான். கிழக்கிந்தியக் கம்பனி அவர்களைக் கல்கத்தாவிலிருந்து துரத்தியது. 1812இல் அவர்களுடைய நாட்டுக்கும் பிரித்தானியாவுக்கும் போர் வேறு. இலங்கையிலும் 1820இல் வந்த அவர்களது அச்சுத் தொழிலாளரைத் தேசாதிபதி பார்ண்ஸ் வெளியேறும்படி கட்டளையிட்டார். அவர்களுக்குப் பின்னால் ஒரு போர்க்கப்பலும் நிற்கவில்லை. எமது மக்களிடம் தயவாகப் பேசி, எமது மொழியைக் கற்று, எமக்கு வேண்டியதைக் கொடுத்தாலன்றி அவர்கள் அங்கு தங்கியிருக்க முடியாது. நாம் கண்டது அதிகாரம் இல்லாத அமெரிக்கரை. பிலிப்பைன்ஸ் கண்டது அதிகாரத்தோடு வந்தவரை. மிசனரிமாரின் தனிப்பட்ட நல்லெண்ணத்தை இதனால் நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்நல்லெண்ணத்தை ஓர் அரசின் குணமாக எடுத்துக்கொண்ட எமது தவறையே சொல்கிறேன்.

மீண்டும் கப்பல்களிடம் வருவோம். ஒக்ரோபரில் அவை மணிலாவை அடைந்தன. தம் சொந்தக் குடியேற்றத்தில் வாந்திபேதி பரவியிருந்ததால் மாலுமிகள் கரையிறங்க முடியவில்லை. பின்னர் யொக்கொகாமா. யாரைப் பயமுறுத்தவென்று அவை புறப்பட்டனவோ, அந்த யப்பான் அவற்றைப் பெரும் மரியாதையோடு வரவேற்றது. நவம்பர் 30இல் வாஷிங்டனில் அமெரிக்க இராசாங்கச் செயலாளர் றூற்றும் யப்பானியத் தூதுவர் தக்கஹிராவும் பசிபிக்கில் ஒருவர் உடைமையை மற்றவர் மதிப்பதென்று இணக்கம் கண்டார்கள். சிட்னியில் தொண்டை வரளக் கத்திய 5 இலட்சம் பேரின் அச்சத்தை அங்கு யாரும் கேட்கவில்லை. டிசெம்பர் 13இல் கப்பல்கள் கொழும்பில் நின்றன. ஒரு வாரத்தில் சுயஸை நோக்கிப் போய்விட்டன. இத்தனை தூரமும் அவற்றுக்குக் கரி ஏற்றிக் கொடுத்தவை பெரும்பாலும் பிரித்தானியக் கப்பல்கள். ஓர் ஏகாதிபத்தியம் வளரும்போது மற்றது அதற்குக் கூலிக்கு அடுப்பெரித்தது.

டீக்கின் ஏமாந்தாரா? இல்லை என்பதே என் முடிபு. அவர் அமெரிக்காவை மீட்பராக அழைக்கவில்லை. தம் மக்களுக்குச் சொந்தக் கடற்படையில் ஆசையூட்டவும் லண்டனை அசைக்கவும் அக்கப்பல்களை ஒரு நெம்புகோலாக்கினார். 1909இல் லண்டன் மாநாடு அதற்கு இணங்கியது. 1913 ஒக்ரோபர் 4இல் அவுஸ்திரேலியாவின் சொந்தக் கப்பல்கள் சிட்னிக்குள் வந்தன. அவற்றின் தலைமைக் கப்பலான 'அவுஸ்திரேலியா', 1922இன் வாஷிங்டன் கடற்படை உடன்படிக்கையின்படி 1924 ஏப்ரல் 12இல் சிட்னிக்கு வெளியே கடலில் மூழ்கடிக்கப்பட்டது. நெம்புகோலும் வல்லரசின் கணக்குக்கு உட்பட்டதே.

1942இல் அமெரிக்கர் வரவில்லையா என்று முதல் தரப்பு நண்பர்கள் கேட்பார்கள். வந்தார்கள், இந்நாடு தப்பியதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் தளபதி மக்காதர் 1942 யூனில் பிரதமர் கேட்டினிடம் ஒளிக்காமல் சொன்னது இது: அமெரிக்கா இங்கு படை சேர்ப்பது யப்பானைத் தாக்க இது நல்ல தளம் என்பதற்காகவே, இந்நாட்டின் மீதுள்ள கடமைக்காக அல்ல. நலன்கள் பொருந்திய நேரத்தில் உதவி வந்தது. இரண்டாம் தரப்பு நண்பர்கள் இதையும் கவனிக்க வேண்டும். நலனுக்காக வந்த உதவியும் உதவிதான்.

2009 மே மாதத்தில் நான் டண்டினோங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். இரவு வேலை முடித்து வந்தால் தொலைபேசி ஓயாது. கப்பல் வருகிறதாம், அமெரிக்கன் சனத்தை ஏற்றப் போகிறானாம் என்று ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள். வரலாறு படிப்பித்த நானும் நம்பினேன். நம்பி மற்றவர்களுக்கும் சொன்னேன். கப்பல் வரவில்லை. அன்று நான் எடுத்த தொலைபேசி அழைப்புகளில் ஒன்று என் மைத்துனருக்கு. அவருடைய தாயார் முள்ளிவாய்க்காலில் இருந்தார். இன்றுவரை அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

ஆகவேதான் இதை எழுதுகிறேன். வல்லரசுகளிடம் போகக் கூடாதென்று நான் சொல்லவில்லை. ஜெனீவாவுக்கும் வாஷிங்டனுக்கும் போகிறவர்கள் போகட்டும். ஆனால் புறப்படுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டு போகட்டும்: அவர்களுக்கு இந்தக் கடலில் என்ன தேவை? அத்தேவை எமது தேவையுடன் எவ்வளவு தூரம் கூட வரும்? அவர்கள் போனபின் எமது கையில் எஞ்சப்போவது என்ன? டீக்கினிடம் மூன்றாவது கேள்விக்கு விடை இருந்தது. அவருடைய நிறவாதத்தை நான் வெறுக்கிறேன். ஆயினும் அந்த ஒன்றை அவரிடம் கற்கத்தான் வேண்டும்.

எம்மிடம் அந்த விடை இருக்கிறதா என்பதை இவ்விவாதத்தின் அடுத்த கட்டமாக நண்பர்கள் எடுத்துக்கொண்டால் நல்லது.