தண்டவாளத்தின் அடியில் தேவதாரு

விதையைக் கனிக்குள் பொதியாமல் செதில்கள் அடுக்கிய கூம்பில் தாங்கும் ஊசியிலை மரங்களுள் ஒன்றான தேவதாரு, மேற்கு இமயத்தில் ஏறத்தாழ 1,500 முதல் 3,000 மீட்டர் வரையிலான சரிவுகளில் 50 மீட்டர் உயரம் வரை ஓங்கி வளர்வது. மெழுகுப் படலம் போர்த்திய அதன் குறுகிய இலை, நிலத்து நீர் உறைந்து வேருக்கு எட்டாத குளிர்காலத்திலும் மரத்தின் ஈரத்தைக் காக்கிறது. ஆண்டு முழுவதும் பசுமை மாறாத கிளைகளின் நிழலில் பனி மெல்ல உருகி மண்ணுக்குள் இறங்கி ஊற்றுகளுக்கு நீரளிக்க, வேர்கள் செங்குத்தான சரிவின் மண்ணைப் பிணைத்து நிறுத்துகின்றன. வைரம் பாய்ந்த அதன் நடுக்கட்டையில் ஊறிய மணமுள்ள எண்ணெய், கரையானையும் பூஞ்சையையும் எளிதில் அண்டவிடாது. மரத்தை நெடுங்காலம் வாழவைத்த இந்த இயல்பே 19-ஆம் நூற்றாண்டில் அதை வெட்டவும் காரணமாயிற்று.

1853-இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே 34 கிலோமீட்டரில் தொடங்கிய இருப்புப்பாதை, நாடு முழுவதும் விரியத் தொடங்கியதும், தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகள் மைலுக்கு ஏறத்தாழ 2,000 வரை தேவைப்பட்டன. மருந்தூட்டிப் பதப்படுத்தாமலே மழையையும் பாரத்தையும் தாங்கியவை தேக்கு, சால், தேவதாரு ஆகிய மூன்றுமே என்பதால், வடபுலத்துப் பாதைகளுக்காக இமயத்தின் உட்பள்ளத்தாக்குகள் வரை கோடரி சென்றது. டெஹ்ரி அரசரிடம் குத்தகை பெற்று ஹர்சில் பகுதியில் மரம் வெட்டிய பிரெடரிக் வில்சன் என்னும் ஆங்கிலேயர், கட்டைகளைப் பாகீரதி ஆற்றில் மிதக்கவிட்டுச் சமவெளிக்கு அனுப்பினார். 1860-களின் நடுவில் ஆங்கில அரசே அக்காடுகளைக் குத்தகைக்கு எடுத்தது.

மரம் தீர்ந்துபோகும் என்ற அச்சமே 1864-இல் டீட்ரிக் பிராண்டிஸ் தலைமையில் வனத்துறை உருவாகக் காரணம். ஆயினும் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு தனக்கென ஒதுக்கிக்கொண்ட காப்புக்காடுகளில், மேய்ச்சல், விறகு, தழை ஆகியவற்றில் மலைமக்களுக்கு வழிவழியாக இருந்த உரிமைகள் சுருங்கின. இமயத்தின் குமாவுன் பகுதியில், கால்நடைக்குத் தழையும் வயலுக்கு உரமும் தந்த பாஞ்ச் என்னும் கருவாலியைவிட, கட்டையோடு டர்ப்பன்டைன் வடிப்பதற்கான பிசினையும் தந்த சீர் என்னும் பைன் மரமே துறைக்கு உகந்ததாயிற்று. பிசின் நிறைந்த அதன் உலர்ந்த ஊசிச்சருகு கோடையில் எளிதில் தீப்பற்றும். உரிமையிழந்த மக்கள் 1921-இல் மூட்டிய தீயில் சீர் காடுகள் பரவலாக எரிந்தன. அவர்களுக்குப் பயன்பட்ட கருவாலிக் காடுகளோ பெரும்பாலும் தப்பின.

கட்டையையும் பிசினையும் எண்ணிய கணக்கில், பனியைக் காத்த நிழலுக்கும் மண்ணைப் பிடித்த வேருக்கும் தழை சேகரித்த மக்களுக்கும் இடம் இருக்கவில்லை. 1931-இல் ஊரார் தம் காட்டைத் தாமே பேணுவதற்கான வன பஞ்சாயத்துகள் விதிமுறை பெற்றபோதுதான், அந்தக் கணக்கு ஓரளவேனும் திருத்தப்பட்டது.