அருளர்: அட்டையில் புலி, உள்ளே ஒரு மகள்

2005 செப்டம்பரில் லாஸ் வேகாஸ் பொடியன்மார் நாலு பேர் 'பேனிக்! அட் த டிஸ்கோ' என்ற பெயரில் முதல் அல்பத்தைப் போட்டார்கள். கண்ணுக்கு மை, சர்க்கஸ் உடுப்பு, நடுவில இடைவேளை வைத்த நாடகம் மாதிரிப் பாட்டு வரிசை. எமோ, பொப்-பங்க் கேட்கிற எங்கட கூட்டத்தில் அதைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனா அதே வருசம், அதுக்கு ஆறு மாசம் முந்தி, லண்டனில் ஒரு தமிழ்ப் பெண்ணின் முதல் அல்பமும் வந்தது. அதுவும் வேசம் கட்டின அல்பம்தான். கல்முனையில இருந்து கேட்கிற எங்களால் அந்த வேசத்தை லேசாகக் கடந்து போக ஏலாது.

எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தவ. கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போருக்குள்ள வளர்ந்து, 1986இல் அகதியாகத் திரும்பவும் லண்டன் போனவ. 'ரோலண்ட் எம்சி-505' என்ற ஒற்றைப் பெட்டியில் தாளம் போட்டுத்தான் பாட்டுக் கட்டத் தொடங்கினா. 2003இல் 'கலாங்' பாட்டு வெறும் 500 தட்டுகளாகத்தான் வெளிவந்தது. அந்த அடியைக் கேட்டுப் பாருங்க. சஹருக்கு எழுப்ப வாற பக்கீர் பாவாவின் றபான் மாதிரி, மெட்டைப் பற்றிக் கவலையே இல்லாம ஆளை எழுப்பிவிடும்.

அல்பத்தின் பெயர் 'அருளர்'. அது அவட வாப்பாட இயக்கப் பெயர். வெளிநாட்டுப் பத்திரிகைகள் கனக்க அவரைப் புலி என்று எழுதின. பிழை. அவர் 1975இல் லண்டனில் உருவான ஈரோஸின் நிறுவுநர்களில் ஒருவர். மலையகத் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்து ஈழம் பற்றிப் பேசிய இயக்கம் அது. பிறகு முஸ்லிம் காங்கிரஸின் தவிசாளராக இருந்த பஷீர் சேகுதாவூத், ஈரோஸ் வழியாகத்தான் முதலில் பாராளுமன்றம் போனார். 1990இல் ஈரோஸின் ஒரு பகுதி புலிகளோடு கலந்துபோனதும் இதே கதைக்குள்ளதான் வருது.

பிரிந்திருந்த வாப்பா இணையத்தில் தன்ட பெயரைத் தேடினால் அல்பம் கண்ணில் படட்டும் என்றுதான் இந்தப் பெயரை வைத்ததாக அவ சொல்லியிருக்கிறா. அவரும் கண்டார். மின்னஞ்சலில் பெயரை மாத்தச் சொன்னார். மகள் மாத்தவில்லை.

அட்டைக்கு வருவோம். தாங்கி, குண்டு, துவக்கு, புலி, எல்லாம் பளிச்சென்ற நிறத்தில். லண்டன் கண்ணுக்கு அது தெருச்சுவர் ஓவியம். எங்கட கரைக்கு அது 1990. ஆகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். 100க்கு மேற்பட்டோர் ஷஹீதானார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் மணித்தியாலக் கெடுவில் விரட்டப்பட்டார்கள். அந்தப் புலியை நிறம் தீட்டின அச்சுருவாகப் பார்க்க எங்களால் முடியவில்லை.

அதுக்காக அல்பத்தைத் தூக்கி எறியவும் நாங்க தயாரில்லை. அரச படையின் குண்டுக்குப் பயந்து ஓடின பிள்ளையின் கோபம் அதில் இருக்கு, அது பொய்யில்லை. எங்கட குறை வேறு. 'சன்ஷவர்ஸ்' பாட்டில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வந்ததுக்காக எம்.ரி.வி. அந்த வீடியோவைப் போட மறுத்தது. உலகம் அதைப் பற்றிப் பேசினது. புலியைப் பற்றியும் கேட்டார்கள்தான். ஆனா நாங்க வாசித்த மட்டில் அந்தக் கேள்வி அரசு, புலி என்ற ரெண்டு பக்கத்தோட நின்றுபோச்சு. மூன்றாவதாக ஒரு சனம் இருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அல்பத்துக்கும்தான்.

2005 மார்ச்சில் அது வெளிவந்தபோது இஞ்ச யாரும் கேட்டிருக்க ஏலாது. சுனாமி வந்து மூணு மாசம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்து. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் சனம் முகாம்களில் கிடந்தது. எங்கட வயதுக்காரர்களுக்கு அந்தப் பாட்டுகள் கனகாலம் கழித்து யூடியூபில்தான் கிடைத்தன.

அருளர் 2019 டிசம்பரில் காலமானார். அல்பத்தை இன்னும் கேட்காதவங்க 'கலாங்'கில் தொடங்குங்க. பிறகு அட்டையை வீட்டில் வாப்பாமாருக்குக் காட்டிப் பாருங்க. அவங்க சொல்ற கதை எந்தப் பாட்டிலயும் இல்லை.