டென்மார்க் பணமும் நம்மூர் நாற்றங்காலும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வரலாற்று டீச்சர் எழுத உட்கார்ந்தால் நீளும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் பழைய மாணவி ஒருத்தி இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். ஐரோப்பிய நிதியில் கிராமத்துப் பெண்களுக்கு 'வாழ்க்கைத் திறன்' பயிற்சி கொடுக்கிறார்களாம். கூடவே 'சமூக உள்ளடக்கம்' என்று இன்னொரு சொல்லும் உண்டாம். "இதெல்லாம் நம்ம பக்கம் எப்ப டீச்சர் வந்துச்சு?" என்று கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. அவளுக்கு மட்டும் பதில் எழுதாமல் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சொல் புதியதுதான். முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, மனம்விட்டுப் பேசுவது, கோபதாபங்களைச் சமாளிப்பது என்று பத்துத் திறன்களை உலக சுகாதார நிறுவனம் பட்டியல் போட்டது 1990களில். பள்ளிக்கூடத்துப் பக்கம் அந்தச் சொல் வந்தது அதற்குப் பிறகு. ஆனால் காரியம் அதற்கு முன்பே தமிழ்நாட்டு வயலுக்குள் இறங்கிவிட்டது. அதற்குப் பணம் கொடுத்தது டென்மார்க். திட்டத்தின் பெயர் 'டான்வா'. தமிழ்நாட்டு வேளாண்மையில் பெண்கள் என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 1986இல் சில மாவட்டங்களில் தொடங்கி, 1993க்குப் பிறகு இரண்டாம் கட்டமாக மாநிலம் முழுக்க விரிந்தது. மாநில வேளாண்மைத் துறை நடத்தியது. நிதி 'டேனிடா' என்ற டென்மார்க் அரசின் உதவி அமைப்பிலிருந்து வந்தது. இதே போலக் கர்நாடகத்திலும் ஒரிசாவிலும் ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் வேறு வேறு பெயர்களில் நடத்தினார்கள்.

டென்மார்க்காரர்களுக்கும் தமிழுக்கும் பழைய உறவு. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கித் தரங்கம்பாடியில் 1620இல் கோட்டை கட்டியவர்கள் அவர்கள். டென்மார்க் அரசர் அனுப்பித்தான் சீகன்பால்கு 1706இல் அங்கே வந்து இறங்கினார். வந்த கொஞ்ச காலத்திலேயே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார். 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வகுப்பில் இத்தோடு நிறுத்திவிடுவேன். பாடப்புத்தகம் அங்கே முடிந்துவிடும். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே நாட்டுப் பணம் வேறு வழியாகத் திரும்பி வந்ததை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் பிடித்தது. டென்மார்க்கும் ஒரு காலத்தில் ஏழை விவசாய நாடுதான். அங்கே 1844இல் ரோடிங் என்ற ஊரில் 'மக்கள் உயர்பள்ளி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். குருண்ட்விக் என்ற பாதிரியாரின் யோசனை அது. குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் வயலில் வேலை இல்லாத பனிக்காலத்தில் வந்து தங்கிப் படிப்பார்கள். பின்னால் பெண்களுக்குக் கோடைக்கால வகுப்பும் வந்தது. பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. (இதைப் படிக்கும்போதே சிலருக்கு அந்தப் பள்ளியில் பிறந்திருக்கலாமே என்று தோன்றும். யார் யார் என்று எனக்குத் தெரியும்!) வளர்ந்தவர்களை அவர்கள் ஊரிலேயே, அவர்கள் வேலையை வைத்தே படிப்பிக்கலாம் என்பது அந்த நாட்டுக்குப் பழகிப்போன எண்ணம்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் வேளாண்மைத் துறையில் 'பயிற்சி மற்றும் பார்வை' என்றொரு முறை உலக வங்கி உதவியோடு நடந்தது. அதிகாரி குறித்த நாளில் ஊருக்கு வருவார். 'தொடர்பு விவசாயி' என்று சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடம் புது ரகம், உரம், மருந்து பற்றிச் சொல்லிவிட்டுப் போவார். அந்தத் தொடர்பு விவசாயி பெரும்பாலும் ஆண். பேச்சு நடக்கும் இடம் டீக்கடை பெஞ்சு அல்லது வாய்க்கால் மேடு. அந்த நேரத்தில் பெண்கள் எங்கே? வயலுக்குள் குனிந்து நடவு நட்டுக்கொண்டோ களை பறித்துக்கொண்டோ இருப்பார்கள். விதை நெல்லைக் காயவைத்துக் குதிரில் கட்டி வைப்பதும் அவர்கள். யார் கை வேலை செய்கிறதோ அந்தக் காதுக்குச் செய்தி போகவில்லை. வீட்டுக்காரர் வந்து சொன்னால் உண்டு. சொன்னாரா என்பதை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டான்வா செய்த பெரிய காரியம் இந்த இடத்தில்தான். வேளாண்மை படித்த பெண் அதிகாரிகளை ஊருக்குள் அனுப்பினார்கள். பயிற்சியை மதுரைக்கோ ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்கோ கூப்பிட்டு வைக்காமல் அந்தந்த ஊரிலேயே சில நாட்கள் வைத்தார்கள். காலையில் அடுப்பு வேலையை முடித்துவிட்டு வரலாம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டும் வரலாம். கற்றுக்கொண்டவர் தன் பங்குக்கு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு.

என்ன சொல்லித்தந்தார்கள்? பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. நான் நேரில் பார்த்தது உப்புத் தண்ணீர். என் சின்னம்மா வாடிப்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டவர். பெரியாறு பாசனத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம். ஒரு விடுமுறைக்குப் போயிருந்தபோது வாளியில் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, ஒன்றரை கிலோ கல் உப்பைக் கரைத்து, அதில் ஒரு கோழி முட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டை மிதந்து, நாலணாக் காசு அகலத்துக்குத் தலையைக் காட்டினால் கரைசல் சரி. அதற்குள் விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிறு நெல்லும் மேலே வந்துவிடும். அள்ளி எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்க வேண்டும். (அந்த முட்டை என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: குழம்புக்குப் போனது.)

நாற்று வாளிப்பாக வரும், ஏக்கருக்கு வேண்டிய விதையும் குறையும். செலவு உப்புக்காசு மட்டும். இதோடு அசோஸ்பைரில்லம் கலந்து விதைநேர்த்தி செய்வது, உளுந்துக்கும் பயறுக்கும் பூக்கும் நேரத்தில் டிஏபி கரைசல் தெளிப்பது, மண் மாதிரி எடுப்பது, எலிக்குக் கிட்டி வைப்பது, தானியத்தைப் பூச்சி விழாமல் சேமிப்பது. எல்லாம் கைப்பழக்கம். ஆனால் அதற்குள் இன்னொன்று ஒளிந்திருந்தது. "இந்தப் போகத்துக்கு இவ்வளவு விதை போதும்" என்று வீட்டில் முடிவாகச் சொல்வதற்கு ஒரு பெண்ணுக்குக் கையில் ஆதாரம் கிடைத்தது. சின்னம்மா அதற்கு முன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. முடிவெடுத்தல் என்று பட்டியலில் முதலில் எழுதுகிறார்களே, அது எங்கள் சின்னம்மாவுக்கு உப்பு வாளி வழியாக வந்தது.

இதுவரை சொன்னது பாராட்டு. மீதியையும் சொல்ல வேண்டும்.

டான்வாவின் இலக்கு சிறு, குறு விவசாயக் குடும்பத்துப் பெண்கள். அதாவது வீட்டுக்குக் கொஞ்சமாவது நிலம் இருக்க வேண்டும். திட்டம் போட்டவர்கள் பக்கம் இதற்கு நியாயம் உண்டு: விதையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொடுத்தால், விதைக்க வயல் வேண்டாமா? ஆனால் மதுரைச் சமவெளியில் நடவு வயலில் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். மேலூர், அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கத்து நன்செயில் அன்றைக்கு ஒரு வரிசையில் நட்டவர்களில் எத்தனை பேருக்குச் சொந்த வயல்? கூலிக்கு வருகிற பெண்கள்தான் அதிகம். அவர்களில் காலனித் தெருக்காரர்கள் பலர். வேலை அவர்களுடையது, பயிற்சி அடுத்த தெருவுக்கு. நிலம் இருந்த வீட்டிலும் பட்டா ஆண் பெயரில்தான். மகளுக்கும் மகனுக்கும் பரம்பரைச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியதே 1989இல். சட்டம் வந்த மறுநாளே பட்டா மாறிவிடுமா என்ன.

நிலமில்லாத பெண்களுக்கு வேறு வாசல் திறந்தது. 1990 வாக்கில் அலங்காநல்லூர்ப் பக்கத்தில் 'பிரதான்' அமைப்பு களஞ்சியம் என்ற சேமிப்புக் குழுக்களைத் தொடங்கியது; 1997இல் அதிலிருந்து கிளைத்து மதுரையில் தானம் அறக்கட்டளை உருவானது. இன்னொரு பக்கம், ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் கடனில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டம் சில ஆண்டுகளில் மதுரைக்கும் வந்தது. இன்றைக்கு நாம் மகளிர் திட்டம் என்று சொல்வதற்கு அதுதான் அடித்தளம். இங்கே சேர நிலம் கேட்கவில்லை. மாதம் கொஞ்சம் சேமிக்க வேண்டும், கூட்டத்துக்கு வர வேண்டும், கையெழுத்துப் போடப் பழக வேண்டும்.

பில்லுசேரி சின்னப்பிள்ளை அம்மா இந்த வாசல் வழியாக வந்தவர்தான். எழுதப் படிக்கத் தெரியாது. கூலிப் பெண்களைக் கொத்தாகச் சேர்த்து வேலைக்கு அழைத்துப்போய், நிலக்காரரிடம் கூலி பேசி வாங்கிக்கொடுத்தவர். அந்தப் பேச்சுத்தான் அவரைக் களஞ்சியத்தின் தலைவியாக்கியது. 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. கூலி பேசும் திறனை எந்த நாட்டுப் பயிற்சியாளரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அது முன்பே அவரிடம் இருந்தது. குழு கொடுத்தது, அதை வங்கி மேலாளர் மேசைக்கு முன்னால் பேசுவதற்கு ஓர் இடம்.

குழுவால் முடிந்ததற்கும் எல்லை உண்டு. அதே பத்தாண்டில்தான், 1997 ஜூன் 30 அன்று, தனித்தொகுதியில் ஜெயித்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் தலைவர் முறையாக வந்து உட்கார 2006 ஆனது. சேர்ந்து சேமிக்கப் பழகிய நம் மாவட்டத்தில், நாற்காலியில் சேர்ந்து உட்காருவதற்கு இவ்வளவு காலம் பிடித்தது. சமூக உள்ளடக்கம் என்று படிவத்தில் எழுதுகிற பிள்ளை இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

டென்மார்க் நிதி எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை. டென்மார்க் உட்படப் பல நாடுகள் புது உதவியை நிறுத்தின. 2003இல் இந்திய அரசே, சில நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் தவிர மற்றவர்களிடம் நேரடி உதவி வாங்குவதில்லை என்று அறிவித்தது. ராஜஸ்தான் பாலைவனத்தில் வெடித்ததற்கும் வாடிப்பட்டி நாற்றங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இதுதான் சம்பந்தம். ஐரோப்பிய ஒன்றியப் பணம் பிறகு நம் பள்ளிகளுக்கும் வந்தது. அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கு அவர்கள் கொடுத்தது 20 கோடி யூரோ. மாற்றுத்திறன் குழந்தைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கும் வேலையும் அந்த இயக்கத்தில் ஒரு பகுதியாக இருந்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இன்னொரு நாள்.

கேள்வி கேட்ட பிள்ளைக்கு: உன் திட்டத்தில் பயனாளிப் பட்டியல் போடும் நாளில் நீயே நேரில் ஊருக்குப் போ. யார் பெயர் இருக்கிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு நடவுக்குப் போய்விட்டு, பொழுது சாய்ந்து வீடு திரும்புகிறவர்களை முதலில் பார்.

மற்றவர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் அம்மா, அத்தை, அப்பத்தா யாராவது 1990களில் டான்வா பயிற்சிக்குப் போயிருந்தால் அவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். சான்றிதழோ, குழுவோடு எடுத்த போட்டோவோ டிரங்குப் பெட்டியில் கிடந்தால் படம் எடுத்துப் போடுங்கள். கூப்பிடப்படாமல் போனவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் எழுதுங்கள். என் வகுப்பில் இரண்டு தெருப் பிள்ளைகளும் இருந்தீர்கள்.