பேஸ்பால் சீட்டுச் சேகரிப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சிகரெட் பெட்டிகள் நசுங்காதிருக்க உள்ளே வைத்த அட்டைகளில் ஆட்டக்காரரின் உருவங்களை அச்சிட்ட வியாபார தந்திரத்தினின்று தோன்றி, பின்னர் சூயிங்கம் பொட்டலங்களின் வழியே சிறுவரிடையே பரவிய விநோதம். லாபநோக்கமின்றி இதில் ஈடுபட்டோருள் முதன்மையாக வைத்தெண்ணத் தக்கவர் சிரக்யூஸ் நகரத்துத் தொழிலாளி ஜெபர்சன் பர்டிக் (1900–1963). மூட்டுவாதத்தால் கைகள் முடங்கிவந்த நிலையிலும், 30,000-க்கு மேற்பட்ட பேஸ்பால் சீட்டுகள் உட்பட, 3,00,000-க்கு மேற்பட்ட அச்சுச் சீட்டுகளையும் பிறவற்றையும் திரட்டி, நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்குத் தானமாக அளித்து, அவற்றை ஆல்பங்களில் ஒட்டும் சிரமத்தையும் தாமே மேற்கொண்டார். இத்தனைக்கும் அவர் அவ்வாட்டத்தில் விசேஷப் பற்றுடையவரல்லர் என்பது வியப்பே. இன்று பல லட்சம் டாலர் பெறும் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் சீட்டு அடங்கிய தொகுதி, பர்டிக் தாம் தொகுத்த சீட்டுப் பட்டியலில் இட்ட ‘டி206’ என்னும் குறியீட்டாலேயே இன்றும் வழங்கப்படுகிறது.