ஓட வேண்டியதைக் கட்டி வைத்த கதை

மோட்டார் சைக்கிள் ஓட்டுறதைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. அதைக் கட்டி வைக்கிறதைப் பத்தி எழுத யாருமே இல்ல. அந்தக் குறை எதுக்கு? இன்னைக்கு அதான் மேட்டர் :-)

அமெரிக்காவுல 'டாய் ஹாலர்'னு ஒரு ட்ரெய்லர் உண்டு. முன் பாதி வீடு: சமையல் மேடை, கட்டில், கழிப்பறை எல்லாம் இருக்கும். பின் பாதி வண்டி கொட்டகை. பின்சுவரையே கீழே இறக்கினா அது சாய்தளம் ஆயிடும். அதுல பைக்கை ஏத்திக் கட்டிட்டு, கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல் மேடு மாதிரி இடங்களுக்குக் குடும்பத்தோட கிளம்பிடுவாங்க. பொம்மையைத் தூக்கிட்டுப் போறதால அந்தப் பேர். பொம்மை ஒவ்வொண்ணும் நூறு இருநூறு கிலோ இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அதைக் கட்டுறதுல என்ன பெரிய வரலாறு? இருக்கு. ரெண்டு சக்கர வண்டிக்குத் தானா நிக்கத் தெரியாது. சைடு ஸ்டாண்டு வீட்டு வாசலுக்குத்தான் சரி. ஓடுற வண்டிக்குள்ள பிரேக் போட்டா பைக் முன்னால நகரும், ஸ்டாண்டு பின்னால மடங்கும், கதை முடிஞ்சது. அப்ப எதை வச்சு நிறுத்துறது? இந்தக் கேள்விக்கு வேற வேற காலத்துல வேற வேற பதில் கிடைச்சிருக்கு.

முதல் பதில்: கூண்டு

இரண்டாம் உலகப்போர்ல பாராசூட் வீரர்களோட சேர்த்து மோட்டார் சைக்கிளையும் இறக்கணும்னு பிரிட்டிஷ்காரங்களுக்கு ஒரு தேவை வந்தது. வெல்பைக்னு ஒரு குட்டி வண்டி செஞ்சாங்க. 98 சிசி வில்லியர்ஸ் எஞ்சின். ஹேண்டிலையும் சீட்டையும் மடக்கினா 38 செ.மீ. விட்டமுள்ள உருளைப் பெட்டிக்குள்ள அடங்கிடும். பெட்டியையே விமானத்துல இருந்து தள்ளி விடுவாங்க.

அதைவிடப் பெரியது ராயல் என்ஃபீல்டின் 125 சிசி வண்டி. செல்லப் பேர் 'ஃப்ளையிங் ஃப்ளீ', அதாவது பறக்கும் தெள்ளுப்பூச்சி. எடை சுமார் 60 கிலோ. இதோட பூர்வீகம் வேடிக்கையானது. அசல் டிசைன் ஜெர்மனியின் டிகேடபிள்யூ கம்பெனியோடது. யூதர்களுக்குச் சொந்தமான ஒரு டச்சு விற்பனை நிறுவனத்துக்கு நாஜிகள் காலத்துல அந்த ஏஜென்ஸி பறிபோச்சு. அவங்க என்ஃபீல்டுகிட்ட வந்து, அதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்கன்னு கேட்டாங்க. அப்படிப் பிறந்த வண்டி, கடைசியில ஜெர்மானியர்களுக்கு எதிராவே 1944ல் ஆர்ன்ஹெம் போர்க்களத்துக்குப் போச்சு!

பறக்கும் தெள்ளுப்பூச்சியை இரும்புக் குழாயில செஞ்ச ஒரு கூண்டுக்குள்ள பொருத்தி, கூண்டோட பாராசூட்ல இறக்கினாங்க. கிளைடர் விமானத்துக்குள்ளயும் ஏத்தினாங்க. பைக்கைக் கட்ட முடியலையா, பைக்கைச் சுத்தி ஒரு பெட்டி கட்டு. இதுதான் முதல் பதில்.

(அந்த என்ஃபீல்டு 1955ல் நம்ம மெட்ராஸ் திருவொற்றியூருக்கு வந்தது எல்லாருக்கும் தெரியும். 2024 நவம்பர்ல மிலான்ல ராயல் என்ஃபீல்டு தன் மின்சார வண்டியை அறிமுகப்படுத்தினப்ப வச்ச பேரும் 'ஃப்ளையிங் ஃப்ளீ'தான்.)

இரண்டாவது பதில்: பட்டை

போர் முடிஞ்சு இருபது வருஷம் கழிச்சு காட்சி கலிஃபோர்னியாவுக்கு மாறுது. 1966ல் எடிசன் டை என்பவர் ஸ்வீடன் வீரர் டார்ஸ்டன் ஹால்மேனை அமெரிக்காவுக்குக் கூட்டி வந்து மோட்டோகிராஸ்னா என்னன்னு காட்டினார். 1968ல் யமஹா டிடி-1 வந்தது. காட்டு வழியில ஓட்ட, சாமானியன் வாங்கக்கூடிய 250 சிசி வண்டி. சனி ஞாயிறானா பாலைவனத்துக்கு ஓடுற கூட்டம் பெருகிடுச்சு. 1971ல் வந்த 'ஆன் எனி சண்டே' ஆவணப்படத்தைப் பாருங்க. மெர்ட் லாவில் மாதிரி சாம்பியனே வேனுக்குள்ள பைக்கைப் போட்டுக்கிட்டு ஊர் ஊரா ரேசுக்கு அலையறார்.

வாரா வாரம் கூண்டு கட்ட முடியுமா? கயிறுதான். ஆனா கயிறுல ஒரு சிக்கல். பைக் நிக்கிறது ஸ்பிரிங் மேல. பள்ளத்துல முன் ஃபோர்க் அமுங்கும்போது கயிறு தொய்யும். தொய்ஞ்ச அந்த ஒரு நொடியில கொக்கி கழண்டா பைக் படுத்துரும்.

இங்கதான் யோசனை தலைகீழா திரும்புது. அமுங்கினா தொய்யுதா? அப்ப முன்னாலேயே அமுக்கிக் கட்டிட்டா? ஹேண்டில்பாரில ரெண்டு பக்கமும் பட்டையை மாட்டி, முன்னாலயும் வெளிப்பக்கமாவும் இழுத்து, ஃபோர்க்கைக் கொஞ்சம் அமுக்கிக் கட்டுறது. இப்ப ஸ்பிரிங் மேல எழும்பப் பார்க்குது, பட்டை கீழ இழுக்குது. ரெண்டும் மல்லுக்கட்டிக்கிட்டே இருக்கிறதால வண்டி விறைப்பா நிக்கும். தொல்லை கொடுத்த அதே ஸ்பிரிங்தான் இப்ப காவல்காரன்.

இதுக்குத் தோதா ஒரு சாமானும் கிடைச்சது. 1938ல் டூபாண்ட் அறிவிச்ச நைலான், போர்ல பாராசூட்டாவும் அதன் பட்டையாவும் பழகியிருந்தது. 1941ல் இங்கிலாந்துல கண்டுபிடிச்ச பாலியஸ்டர் அவ்வளவு நீளாது, தண்ணியும் குடிக்காது. அந்தப் பட்டையில பல் வச்ச கேம் பக்கிள் ஒண்ணைக் கோத்தா முடிச்சே வேண்டாம். கையால இழு, பல் கவ்விக்கும். கை பலத்துக்கு மேல இறுக்க முடியாதுங்கிறது அதுல ஒரு குறை, ஒரு நன்மையும்தான். பின்னால புழக்கத்துக்கு வந்த ராட்செட்டை அசட்டையா இழுத்துக்கிட்டே போனா ஃபோர்க் அடிமட்டம் வரைக்கும் போயிடும், ஆயில் சீலுக்கும் கேடு. அதனாலதான் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல ஒரு கட்டையைக் கொடுத்துக் கட்டுற பழக்கம் வந்தது.

மூணாவது பதில்: மறுபடியும் கூண்டு!

டாய் ஹாலர் வந்ததும் கணக்கு மாறுது. வேனுக்குள்ள ஒரு பைக், ஓட்டுறவர் முதுகுக்குப் பின்னாலயே இருந்தது. ஆடினா சத்தம் கேக்கும். ட்ரெய்லருக்குள்ள நாலு பைக் விழுந்தாலும் முன்னால ட்ரக்ல இருக்கிறவருக்குத் தெரியாது. அதனால முன் சக்கரத்தையே கவ்விப் பிடிக்கிற சாக் எனும் தொட்டில், பின் அச்சைத் தரையோட பூட்டுற சட்டம், விமான சீட்டை மாட்டுற மாதிரி தண்டவாளம்னு ஒவ்வொண்ணா உள்ள வந்தது. ஸ்பிரிங்கை நம்பாம சக்கரத்தையும் அச்சையும் பிடி. யோசிச்சுப் பார்த்தா, பறக்கும் தெள்ளுப்பூச்சியோட கூண்டைத்தான் துண்டு துண்டா தரையில பதிச்சிருக்காங்க.

ஆனா எல்லா பதிலுக்கும் அடியில ஒரு பழைய கேள்வி இருக்கு: மறுமுனை எதுல மாட்டியிருக்கு?

அமெரிக்காவுல வணிக லாரிகளுக்கான சரக்குக் கட்டும் விதி 2002ல் திருத்தப்பட்டு 2004 ஜனவரியில் கட்டாயமாச்சு. முன்பக்கமா 0.8 ஜி, பக்கவாட்டுலயும் பின்பக்கமாவும் 0.5 ஜி தாங்கணும். 200 கிலோ பைக்குன்னா, பிரேக் போடும்போது 160 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. அந்த விதி குடும்பம் இழுத்துப் போற ட்ரெய்லருக்கு இல்ல. இயற்பியலுக்கு அந்த விதிவிலக்கு தெரியாதே :-( 45 டிகிரி சாய்ஞ்ச பட்டையில நீங்க கொடுக்கிற இழுவையில சுமார் 70 சதவீதம்தான் கீழ்நோக்கி வேலை செய்யும். பட்டையில போட்டிருக்கிற வேலைச் சுமை எண், அறுபடும் பலத்துல மூணுல ஒரு பங்கு. அவ்வளவு பத்திரமான பட்டையைக் கொண்டு போய், வெறும் பிளைவுட் பலகையில ஸ்க்ரூ போட்ட வளையத்துல மாட்டினா என்ன ஆகும்? பட்டை அறாது, வளையம் பலகையைப் பேத்துக்கிட்டு வரும். வளையம் சட்டத்து இரும்புல போல்ட் ஆகியிருக்கணும்.

அடுத்தது எடை. ட்ரெய்லர் எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல உட்காரணும். கொட்டகையோ கடைசியில இருக்கு. கனமான பைக்கை அச்சுக்குப் பின்னால நிறுத்தினா கொக்கி லேசாகி, ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். பாதிக்கப்படுறது பக்கத்து லேன்ல போற, பைக்கே ஓட்டாத எவரோ.

கடைசியா, எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம். வெல்பைக் பெட்டிக்குள்ள யாரும் தூங்கலை. டாய் ஹாலர்ல தூங்குறாங்க. பல மாடல்கள்ல பிள்ளைங்க கட்டில் அந்தக் கொட்டகை கூரையில இருந்துதான் இறங்கும். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட படியும். அதே தரை மட்டத்துலதான் வாட்டர் ஹீட்டரும் இருக்கும். ஒரு பைக் சாய்ஞ்சு பெட்ரோல் கசிஞ்சா போதும். அதனால கட்டுறதோட சேர்த்து பெட்ரோல் காக்கை மூடுறதும், படுக்கிறதுக்கு முன்னாடி வண்டியை வெளிய இறக்கிக் காத்தாட விடுறதும் அதே வேலையோட பாதி.

எண்பது வருஷத்துல பட்டை மாறிச்சு, பக்கிள் மாறிச்சு, பெட்டிக்குக் குளிர்சாதன வசதி கூட வந்திருச்சு. ஐம்பது மைல் போனதும் ஓரமா நிறுத்தி, கொட்டகைக் கதவைத் திறந்து, பட்டையை ஒரு தடவை கையால தட்டிப் பார்க்கிற வேலைக்கு மட்டும் இன்னும் மாற்று வரலை. ரெண்டு நிமிஷ வேலைங்க.